கடைசி முடிச்சுக்கு விட்ட இடம்

மாசி மாதத்தில் சூரங்காட்டுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வெடித்த அன்று வெளிச்சம் வந்தது, புகை வந்தது, வெக்கை வந்தது, ஓட்டுக் கூரைகளெல்லாம் ஒரு விரற்கடை எழும்பி மறுபடி உட்கார்ந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. பிறந்ததிலிருந்து வெடியோடு புழங்குகிற சனம், வெளிச்சத்துக்குப் பின்னால் சத்தம் வந்தே தீரும் என்று தெரிந்த சனம், ஊரோடு கையைக் காதுக்குக் கொண்டுபோய்க் காத்து நின்றது. வரவில்லை. அப்புறம் கையை இறக்கிக்கொண்டு எல்லோரும் கம்பெனியைப் பார்த்து ஓடினார்கள்.

ஓடியவர்களில் கருத்தப்பாண்டியும் ஒருவர். காலண்டர் அச்சாபீசில் தாள் வெட்டுகிறவர். சரம் பின்னும் ஷெட்டில் வேலை பார்த்த மனைவி சோலையம்மாளின் பெயரைக் கூப்பிட வாயை அகலத் திறந்தபடி ஓடினவர், பாதி வழியில் சடக்கென்று நின்றார், தொண்டையைப் பிடித்துக்கொண்டார், வாயை மூடினார். கூப்பிட நினைத்த பெயர் வெளியே வரவேயில்லை. சோலையம்மாளும் வரவில்லை. அதற்கப்புறம் அந்த வாய் கஞ்சி குடிக்கிற அளவுக்கு மேல் திறக்கவில்லை, வராமல்போன சத்தத்தில் ஆகப் பெரிய துண்டு அவர் தொண்டையில் போய் உட்கார்ந்துவிட்டது என்பது ஊருக்கு விளங்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

மிச்சத் துண்டுகள் எங்கே விழுந்தன என்பது, காரியம் முடிந்து, சொந்தபந்தம் பஸ் ஏறி, பந்தல்காரர் பெஞ்சுகளை எடுத்துப்போன மறுநாள் காலையில் தெரிந்தது. பீரோவைத் திறந்தால் டமார். சோற்றுப்பானை மூடியை எடுத்தால் டொம். சீப்பை எடுத்துத் தலையில் வைத்தால் பட்டென்று ஒன்று. அம்மிக்கல்லில் ஒன்று, பிள்ளையார் கோயில் உண்டியலில் ஒன்று, ரேஷன் கடைத் தராசில் ஒன்று, டீக்கடை சீனிவாசகத்தின் பால் கேனில் இரட்டையாக இரண்டு. முதலில் அலறினார்கள், அப்புறம் திட்டினார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். சத்தம் கிடக்கிற சாமானுக்கெல்லாம் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தார்கள். விருந்தாளி வந்தால், "அந்தச் சேர்ல உக்காராதீங்க மதினி, அதுல ஒண்ணு கெடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தார்கள். டீக்கடையில் "ரெண்டு டீ, சத்தமில்லாம" என்று கேட்கிறவர்களுக்குப் பாலைத் தனிப் போகினியிலிருந்து ஊற்றினார் சீனிவாசகம். குரங்குகள் ஊரைக் காலிபண்ணிப் போயின, திருடர் பயம் போனதில் வீட்டைப் பூட்டுகிற வழக்கமும் நின்றது. என்ன ஏதென்று விசாரிக்க வந்த ஓர் அதிகாரி, புள்ளி வைத்த நாற்காலியில் சொல்லச் சொல்லக் கேட்காமல் உட்கார்ந்தார். எழுந்த வேகத்தில் அவருடைய பேனா எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அதன்பின் யாரும் விசாரிக்க வரவில்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இது பட்டாசு ஊர். அங்கே எதைக் கொடுத்தாலும் பட்டாசுக்காரன் புத்தியோடுதான் பார்ப்பார்கள்.

"இது நமுத்துப்போன வெடிப்பா" என்றார் போர்மேன் மாடசாமி, பால் கேனில் காதை வைத்து எழுந்து. "வெடிக்க வேண்டிய நேரத்துல வெடிக்கல. நமுத்ததுக்கு என்ன வைத்தியம்? வெயிலு. ஒருநாள் காயப்போட்டா படபடன்னு வெடிச்சுத் தீந்துரும்."

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவராவது சிரித்திருப்பார். இங்கே எல்லோரும் தலையாட்டினார்கள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நாளில், பீரோவும் அம்மியும் உண்டியலும் தராசும் பால் கேனும் சீப்பும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசை வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டுக் கருத்தப்பாண்டியையும் உட்காரவைத்தார்கள். அவரிடமும் ஒன்று இருக்கிறதல்லவா? அந்த மனிதர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மறுபேச்சுப் பேச முடியாத வாயோடு, பொழுது சாயும்வரை பீரோக்களுக்கு மத்தியில் காய்ந்தார்.

ஒன்றும் வெடித்துத் தீரவில்லை. வெயிலில் கிடந்த மிளகாய் வற்றலுக்கு எப்படிக் காரம் ஏறுமோ அப்படி எல்லாச் சத்தமும் ஏறி நின்றது. நேற்றுவரை பட்டென்ற சீப்பு இன்று லாரி டயர் வெடித்த மாதிரி வெடித்தது. மாடசாமி ஒரு வாரம் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கருத்தப்பாண்டி கஞ்சி குடிக்கும்போது ஒரு விக்கல் வந்தது. விக்கலில் கசிந்தது ஒரு சொட்டுத்தான். ஜன்னல் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது, எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்தது, அவருடைய சின்ன மகள் வைரலட்சுமி கட்டிலுக்கு அடியில் போனவள் போனவள்தான். கூப்பிட்டாலும் வரவில்லை, இழுத்தாலும் வரவில்லை, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கருத்தப்பாண்டி குனிந்து அவளைப் பார்த்தார். பிறகு பாயையும் துண்டையும் சுருட்டிக்கொண்டு அச்சாபீஸ் தாள் குடோனுக்குக் குடிபோனார். பெற்ற பிள்ளைக்கு நம்மாலேயே ஆகாது என்று ஒரு தகப்பன் வீட்டைவிட்டுப் போகிறதைவிடக் கொடுமை உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர வேறெதுவும் போட்டறியாத சோலையம்மாள், தன் இரண்டு பெண்களுக்கும் நகைப்பெட்டியைத் திறந்து பெயர் வைத்திருந்தாள். பெரியவள் பவளக்கொடி, சின்னவள் வைரலட்சுமி. ஊருக்குப் பவளம், வைரம். வைரம் பத்தாம் வகுப்பு. கம்பெனிச் சுவரை ஒட்டின மைதானத்தில் கோகோ ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. அவள் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதிலிருந்து தட்டு விழுந்தால் கட்டிலடி, கதவு அடித்தால் கட்டிலடி. புள்ளி வைத்த சாமான்களை எல்லாம் பவளம் அக்கம்பக்கத்து வீடுகளில் கொடுத்துவைத்துவிட்டாள். அப்பா திரும்பி வீட்டுக்கு வர வேண்டும், வைரத்துக்கு வேண்டியது அது ஒன்றுதான். அப்பா வந்தால் சத்தமும் வரும், அவளுக்கு ஆகாதது அது ஒன்றுதான்.

இதற்கு நடுவில் பவளத்தின் கல்யாணம். மாப்பிள்ளை குருசாமி பக்கத்து ஊர், லாரி ஓட்டுகிறவர், சாது. அவருடைய அம்மா வெள்ளைத்தாய் அப்படியில்லை.

"சம்பந்தியம்மா போயி ஒரு வருசத்துக்குள்ள முடிக்கணும், இல்லாட்டி மூணு வருசம் தள்ளிரும்" என்றாள் வெள்ளைத்தாய். "ஆவணியில முகூர்த்தம் இருக்கு. ஆனா ஒண்ணு, வெடி போடாம எங்க வம்சத்துல தாலி ஏறுனதில்ல. எழவு வீட்டுக்கே வெடி போடுறோம், கல்யாணத்துக்குப் போடாமயா?"

"வெடி போட்டா என் தங்கச்சி நிக்க மாட்டா அத்தை" என்றாள் பவளம். "எங்கப்பா வந்து நின்னாலும் அவ நிக்க மாட்டா. ரெண்டு பேரும் நிக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன். நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

வெள்ளைத்தாய் டம்ளரைக் கையில் எடுத்தாள். காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் கட்டிலுக்கு அடியில் கேட்டுக்கொண்டிருந்த வைரம், அழுகையை அடக்கப் பக்கத்தில் கிடந்த தன் ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு சத்தம் இருந்தது. பவளத்தின் கண்ணுக்குத் தப்பிய, வெயிலுக்கும் போகாத, கடுகத்தனை ஒன்று. "டிக்" என்றது. வைரம் கையைக் காதுக்குக் கொண்டுபோனாள், ஆனால் அதற்குள் அது முடிந்துபோயிருந்தது. மூடித் திறந்தாள். டிக். மறுபடி மூடி, மறுபடி திறந்தாள். டிக். திறந்தால் வருகிறது, திறக்காவிட்டால் வரவில்லை. அவள் சொல்கிறபோது வருகிற முதல் சத்தம் அது.

அவளுடைய விரல்களுக்கு அம்மாவின் விரல்கள் தெரியும். சோலையம்மாள் கம்பெனியில் சரம் பின்னுகிற அதே கணக்கில்தான் வீட்டில் மல்லிகைப் பூக் கட்டுவாள். சின்னது, சின்னது, சின்னது, ஓர் இடம் விடு, பெரிசு. வைரம் பாவாடை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள், நோட்டுக்கு அட்டை போடக் காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசையைத் தொட்டாள், பெட்டியை லேசாகத் திறந்து நூல் நுனியை உள்ளே நீட்டினாள். சத்தம் வந்து ஒட்டிக்கொண்டது. முடிச்சுப் போட்டாள். நூலைச் சுண்டினால் டிக், பெட்டி காலி. அவள் கட்டிலடியிலிருந்து எழுந்து உட்கார்ந்த வேகத்தில் தலை நங்கென்று சட்டத்தில் இடித்தது, அதையும் அவள் கவனிக்கவில்லை.

ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்துத் தெரு அருளப்பனிடம் ஓடினாள். அவனும் அன்று மைதானத்தில் இருந்தவன், அண்ணனைப் பறிகொடுத்தவன். அதிலிருந்து கை நடுங்கி நடுங்கிப் பேனா பிடிக்க முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தான். அவன் வீட்டுக் குடையில் ஒரு "டப்" இருந்தது. ஏழாம் வீட்டுப் பெண் பூச்செண்டும் அன்று மைதானத்தில் இருந்தவள்தான், இடது கை முழுக்கத் தீத்தழும்பு, அதை மறைக்கச் சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேர்க்கிறவள். அவளிடம் தையல் மிஷின் ஊசியளவில் ஒரு "டிர்ர்" இருந்தது. மூன்று பேரும் அருளப்பன் வீட்டு மாடியில் உட்கார்ந்து மூன்றையும் ஒரே நூலில் பின்னினார்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் சத்தம் முடிச்சுக்கு முடிச்சு தாவி ஓடியது. டிக், டப், டிர்ர். ஓடி முடித்துவிட்டு அலுப்போடு அதனதன் முடிச்சில் படுத்துக்கொண்டது. அந்த வெடி வெடித்து முடியவில்லையே, துண்டுகள் மட்டும் எப்படித் தீரும்?

"ஏ புள்ள, டிர்ர முன்னால வையி" என்றான் அருளப்பன்.

வைத்தார்கள். டிர்ர், டிக், டப். அது கேட்பதற்கு, புள்ளி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த அந்த அதிகாரியைப் போலவே இருந்தது. பூச்செண்டு களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு வைரத்துக்குத் தாவியது, அவளிடமிருந்து அருளப்பனுக்கு. மாசியிலிருந்து சிரிக்காத மூன்று பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடியில் உருண்டார்கள். கீழே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அருளப்பனின் அம்மா முறத்தை வைத்துவிட்டு, மேலே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பின் வீடு வீடாக இறங்கினார்கள். "சின்னம்மா, உங்க வீட்ல சத்தம் இருக்கா?" பழைய பேப்பர் போடுவதைப் போல அள்ளிக் கொடுத்தார்கள் சனங்கள். "எடுத்துக்கிட்டுப் போங்க தாயி, புண்ணியமாப் போகும்." முதலில் கடுகளவு, அப்புறம் மிளகளவு, அப்புறம் புளியங்கொட்டையளவு. ஒவ்வொரு புதுசையும் நூலில் எடுக்கிறபோது வைரத்துக்கு வேர்த்தது. ஆனால் பின்னி முடித்துச் சுண்டுகிறபோது, முந்தைய முடிச்சைத் தாண்டும்போதே "இப்ப" என்று சொல்லிவிடுவாள். சொன்ன நொடியில் வரும். அப்போதுதான் அவளுக்குத் தன் பயத்தின் முகமே தெரிந்தது. சத்தம் பெரிசு என்பதல்ல பயம், அது எப்போது வரும் என்று தெரியாமல் இருந்ததுதான் பயம். அருளப்பனுக்கு அது கையில் தெரிந்தது. நூலைப் பிடித்திருக்கும் வரை விரல் நடுங்குவதில்லை, முடிச்சுப் போடுவதில் இருவரையும் மிஞ்சினான். பூச்செண்டின் ஸ்வெட்டர் கம்பளியில் நூல் மாட்டிக்கொண்டே இருந்தது. ஒருநாள் "சனியன்" என்று கழற்றி மூலையில் எறிந்தாள், மறுநாள் அதை எடுக்க மறந்தே போனாள்.

மைதானத்தில் அன்றைக்கு இருந்த மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக மாடி ஏறினார்கள். சரம் நீண்டது. சாயங்காலமானால் மாடியிலிருந்து அது ஓடுகிற ஓசை கேட்கும், தெரு அப்படியே நின்று கேட்கும், பால் கேனில் சத்தம் காலியான சீனிவாசகம் கிளாசால் மேசையில் தாளம் போடுவார். ஊர் ஊராயிற்றே, சும்மா இருக்குமா? நேற்றுவரை தொலைந்தால் போதும் என்று கொடுத்தவர்கள் இன்று உரிமை கொண்டாட ஆரம்பித்தார்கள்.

"எங்க வீட்டு அம்மிச் சத்தத்த எதுக்கு ஓரத்துல போட்டீங்க? நடுவுல வரணும்" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள்.

"பிள்ளையார் உண்டியலுக்கு அப்புறந்தான் எதுவும் வரணும்" என்றார் பூசாரி.

மச்சினன் வீட்டிலிருந்து திரும்பியிருந்த மாடசாமியோ, "காயப்போட்டதாலதான் இவ்வளவு கணீர்னு இருக்கு" என்று பெருமை அடித்துக்கொண்டார். அவரை யாரும் அடிக்கவில்லை என்பதிலிருந்தே ஊர் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

பீரோவின் டமாரையும் பின்னியாயிற்று. இனி ஒன்றுதான் பாக்கி. வைரம் நூலையும் பசையையும் எடுத்துக்கொண்டு, செத்துப்போகிற பயத்தோடு, தாள் குடோனுக்குப் போனாள். கருத்தப்பாண்டி அவளைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார், காலண்டர் கட்டு முதுகில் தட்டுகிறவரை நகர்ந்தார்.

"அப்பா, இந்த நுனியக் கடிச்சுக்கோங்க. மெதுவா இழுத்துருவேன்."

கடித்தார். நூல் பட்டென்று அறுந்தது. சணலும் அறுந்தது, தாம்புக்கயிறும் அறுந்தது. அவ்வளவு பெரிசு.

வைரம் தரையில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப நீங்களேதான்ப்பா கடைசி வெடி. சரத்துல உங்களுக்கு எடம் விட்டுருக்கேன். நான் 'இப்ப'ன்னு சொல்றப்ப வாயத் தொறங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

கருத்தப்பாண்டி தலையை இடதும் வலதுமாக ஆட்டினார். கண்ணிலிருந்து கொட்டியது. அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, வாசலைக் காட்டினார். எவ்வளவு கெஞ்சியும் அவர் தலை மேலும் கீழுமாக அசையவேயில்லை.

வெடிக்குப் பதில் பிள்ளைகளின் சரம் என்று பேசி ஆவணியில் வைத்த கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. பெண்ணின் தகப்பனை மட்டும் காணோம். "பஸ் ஸ்டாப்புல துண்ட வாயில கட்டிக்கிட்டு நிக்கிறாரு, கிட்டப் போனா ஓடுறாரு" என்றான் தேடிப்போய் வந்த ஒருவன். மகள் கல்யாணத்தையும் விட முடியாமல், மகள் முன்னால் வரவும் முடியாமல், மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றார் மனிதர். பவளம் மணையில் உட்கார்ந்து, மாலையும் கழுத்துமாக, "ரெண்டு பேரும் வரணும்" என்றாள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை குருசாமி கையில் தாலியோடு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அப்பா வரலேன்னா சரம் அப்பாகிட்டப் போகட்டும்" என்றாள் வைரம்.

சரத்தின் ஒரு நுனியை மணமேடைக் காலில் கட்டினாள். அருளப்பனும் பூச்செண்டும் சுருளைத் தூக்கிக்கொண்டு ஓட, பிரிந்து பிரிந்து நீண்டது சரம். பந்திக்கூடம் தாண்டி, வாழைமரம் தாண்டி, வாசல் தாண்டி, தெருவுக்கு இறங்கி. தரையில் புரளாமல் இருக்க ஊரே எழுந்துபோய்ப் பிடித்தது, அவரவர் தம் வீட்டுச் சத்தத்தைத் தேடி அந்த முடிச்சுக்குப் பக்கத்தில் நின்று பிடித்தார்கள். அம்மிக்காரி அம்மிச் சத்தத்தை, பூசாரி உண்டியலை, சீனிவாசகம் பால் கேனின் இரட்டையை இரண்டு கையிலும். இடம் கிடைக்காத வெள்ளைத்தாய், "நகருடி, நானும் சம்பந்திதான்" என்று இடித்துக்கொண்டு ஒரு சின்ன டிக்கைப் பிடித்தாள். காலியாய் விட்ட கடைசி முடிச்சைப் பூச்செண்டு, ஓடப் பார்த்த கருத்தப்பாண்டியின் சட்டைப் பித்தானில் மாட்டிவிட்டாள்.

வைரம் நுனியைச் சுண்டினாள்.

டிக் என்று கிளம்பியது. அதோடு அவளும் கிளம்பினாள். பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடினாள், டிக் டிக் டிர்ர், பந்திக்கூடம், டப் டப், "இப்ப!" டொம், வாழைமரம், டிக் டிக் டிக், ஓர் இடம், "இப்ப!" டமார், வாசல், முடிச்சு தாண்டுகிற ஒவ்வொரு கையும் அதிர்ந்தது, அதிர்ந்த ஒவ்வொருவரும் சிரித்தார்கள், சத்தம் முன்னால் போனதா அவள் முன்னால் போனாளா என்று சொல்ல முடியவில்லை, உண்டியலும் தராசும் அம்மியும் அவள் காலடியில் வெடித்து வெடித்து வழி விட்டன, தெருமுனை, சீனிவாசகத்தின் இரட்டை, அப்புறம் அப்பா. துண்டு கட்டிய வாயும் பிதுங்கின கண்ணுமாக அப்பா. வைரம் அவர் முன்னால் வந்து நின்றாள். எட்டித் துண்டை அவிழ்த்தாள். ஓர் இடம் விட்டாள்.

"இப்ப, அப்பா."

கருத்தப்பாண்டி வாயைத் திறந்தார்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை, எழுதினால் காகிதம் தாங்காது. ஊர் ஓடுகளெல்லாம் ஒரு விரற்கடை எழும்பி உட்கார்ந்தன. மாசியில் வெடித்த வெடி அன்றைக்குத்தான் வெடித்து முடிந்தது. அது முடிந்த கையோடு, அதற்குப் பின்னால் இத்தனை மாதமாக வழியில்லாமல் நின்றிருந்தது வந்தது. "சோலை!" என்றார் கருத்தப்பாண்டி, முழுக்குரலில். தெருவே கம்பெனி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. வைரம் அப்பாவைக் கட்டிக்கொண்டு, அம்மா போனதிலிருந்து அழாத அழுகையை வாய்விட்டு அழுதாள். சுற்றி நின்ற ஊரும் அழுதது, அழுதுகொண்டே அதில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார். எத்தனை மாதத்துப் பேச்சு! "ஏன் தாயி இப்பிடி எளைச்சுட்ட, ஏலே அருளப்பா சட்டையில பித்தான் ஒழுங்காப் போடு, ஏன்யா மாடசாமி, என்னைய வெயில்ல போட்ட பய நீதான, ஒனக்கு இருக்கு" என்று மண்டபம்வரை பேசினார், மேடை ஏறியும் பேசினார், தாரை வார்க்கும்போது மந்திரத்துக்கு நடுவே குருசாமியிடம் லாரிக்கு டீசல் எவ்வளவு பிடிக்கும் என்று விசாரித்தார். ஐயர் கையை ஆட்டியும் பார்த்தார், ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பெண்ணின் தகப்பன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேளக்காரர்களும்தான். குருசாமி தாலியைப் பவளத்தின் கழுத்துக்குக் கொண்டுபோய்விட்டார், இன்னும் மேளம் எழவில்லை.

அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற வைரம் அதைப் பார்த்தாள். வலது கையை உயரத் தூக்கி, தவில்காரரைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்:

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"